மாத்திரைப் பெட்டிக்குள் மண்

என் கணவரின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. அதை மாற்றியே ஆகவேண்டும் என்று ஒஸ்லோவின் பெரிய டாக்டர் ஒருவர் தாளில் படம் கீறி விளக்கினார். இவர் படத்தைக் கவனமாகப் பார்த்தார், டாக்டரின் கைக்கு நல்ல கோடு வருகிறது என்று பாராட்டினார், வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்து, நெஞ்சை வெட்ட விடமாட்டேன் என்று அறிவித்தார்.

முதல் கடிதம் வந்தபோது தடிமன், மூக்கு ஓடுகிறது என்று திகதியைத் தள்ளிப்போட்டார். இரண்டாவது கடிதம் வந்தபோது சொந்தக்காரப் பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்திய வீடு என்றார். அந்தப் பிள்ளை எங்களுக்கு என்ன முறை என்று அவருக்கே தெரியாது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வால்வோடு இன்னொரு குளிர்காலத்தை நம்பமுடியாது என்றார். அதை நான் இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் குளிர்காலத்தையும் தள்ளிப்போடப் பார்ப்பார்.

இருபத்திரண்டு வருடம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டியவர். பனி கொட்டும் காலையில், நடுவில் மடியும் நீளப் பஸ்ஸை ஒடுக்கமான தெருவில் திருப்புகிறவர். பயந்தவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவருடைய அண்ணன் கொழும்பில் இதே மாதிரி ஒரு ஒப்பரேஷனுக்குப் போய், மயக்கத்திலிருந்து எழும்பவில்லை. அதைப்பற்றி இவர் ஒருநாளும் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை. நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். காலைச் சாப்பாட்டுக்கு முன்பே அடம்பிடிக்கிற மூன்று பேரையாவது குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடுவேன். வீட்டில் இருக்கிற ஒருவரை மட்டும் அசைக்க முடியவில்லை என்பது எனக்கு மகா எரிச்சலாக இருந்தது.

கடைசியில் அவராகவே ஒரு நிபந்தனை வைத்தார். மடுவுக்குப் போய் மண் எடுத்து வந்தால் ஒப்பரேஷனுக்குச் சம்மதமாம். இவர் மன்னார் ஆள். மடு மாதா கோயில் மண் பாம்புக்கடிக்கு மருந்து என்பது அங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவர்களுடைய வீட்டில் அது எப்போதும் ஒரு தகர டப்பாவில் இருந்ததாம். பாம்புக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அது மண்ணுக்குத் தெரியும் என்றார். டாக்டரிடம் கேட்டால், பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் விமானத்தில் இருக்கவே கூடாது என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். இவருக்கு முகத்தில் ஒரு சந்தோஷம். மண்ணும் இல்லை, ஒப்பரேஷனும் இல்லை.

இதை நான் வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் சொல்லிப் புலம்பியபோது, என்னோடு வேலை செய்யும் போலந்துப் பெண் ரொட்டியைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் நோர்வேஜிய மொழியில்தான் கதைப்போம், இருவருக்கும் அதில் சமமாகப் பிழை வரும். தன்னுடைய ஊரிலும் ஒரு மாதா இருக்கிறாள், சின்ன ஊர், ஆனால் நானூறு வருடமாகச் சனம் நடந்து வருகிற கோயில் என்றாள். விமானத்தில் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. ஆடி மாதம் தான் லீவில் போகும்போது எங்களையும் கூட்டிப்போவதாகவும் தன் தாயின் வீட்டில் அறை இருப்பதாகவும் சொன்னாள். இரண்டு மணித்தியாலம் பரவாயில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

இதில் ஒரு சிக்கல். ஒஸ்லோவில் எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை போலந்துப் பூசை முடிந்த பிறகுதான் தமிழ்ப் பூசை. அவர்கள் வெளியே நின்று ஆறுதலாகக் கதைத்துவிட்டுத்தான் காரை எடுப்பார்கள். நாங்கள் காரை விட இடம் இல்லாமல் நாலு சுற்றுச் சுற்றி, வாசகம் முடிந்தபிறகு உள்ளே போவோம். பதினைந்து வருடமாக இவர் போலந்து நாட்டையே ஒரு பார்க்கிங் பிரச்சினையாகத்தான் பார்த்து வந்தார். அந்த நாட்டு மாதாவிடம் போவதா என்று இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், மாதா எல்லாம் ஒருத்திதானே என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

தோழியின் ஊர் உண்மையிலேயே சின்னது. ஒரு தெரு, ஒரு கடை, மின்கம்பத்தின் உச்சியில் நாரைக்கூடு, மேட்டில் கோயில். மாதா ஒரு முழ உயரம்கூட இல்லை. ஆனால் அவளைச் சுற்றிச் சுவர் முழுக்க வெள்ளி இதயங்கள், ஊன்றுகோல்கள், மாலைகள். நேர்த்திக்கடன் முடித்தவர்கள் கொண்டுவந்து தொங்கவிட்டவை. கிழவிகள் பீடத்தைச் சுற்றி முழங்காலில் போனார்கள். இவரும் முழங்காலில் இறங்கப் பார்த்தார், நான் பின்னாலிருந்து சேட்டுக் கொலரைப் பிடித்து நிறுத்தினேன். எனக்கும் அந்த இடம் பிடித்திருந்தது, வெளியே சொல்லவில்லை.

பிரச்சினை மண்தான். மடுவில் கால் வைக்கிற இடமெல்லாம் மண். இங்கே கோயில் முற்றம் முழுக்கக் கல் பதித்திருந்தார்கள். கல் முடிந்த இடத்தில் சீராக வெட்டிய புல். பூச்சாடிக்குள் இருந்தது கடையில் வாங்கின மண், அது கணக்கில் வராதாம். இவர் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றிவந்து, இதென்ன கோயில், ஒரு பிடி மண் இல்லை என்று என்னிடம் முறைப்பாடு வைத்தார். என்னவோ நான் கட்டின கோயில் போல.

சனிக்கிழமை பின்னேரம் வெயில் இன்னும் நல்லாக இருந்தபோது, முகமெல்லாம் மலர்ந்து வந்தார். ஒரு கையில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுச் சூப்புக் கரண்டி, மறு கையில் அவருடைய மாத்திரைப் பெட்டி. ஒரு கிழமைக்கு ஏழு அறை, ஒவ்வொரு மூடியிலும் நோர்வேஜியத்தில் நாளின் பெயர். சனிக்கிழமை காலைகளில் அதை நான்தான் நிரப்புவேன். இப்போது ஏழு அறையிலும் கறுப்பு மண் இருந்தது. மாத்திரைகள் எங்கே என்று கேட்டேன். சேட்டுப் பைக்குள் கைவிட்டு மிச்சக் கிழமை முழுவதையும் அள்ளிக் காட்டினார். கட்டிலில் அமர்ந்து வெள்ளை, றோஸ், மஞ்சள் என்று பிரித்து முடிக்கும் வரைக்கும் என் வாயிலிருந்து வந்தவை புண்ணியத்தலத்துக்கு ஏற்ற சொற்கள் அல்ல.

இவருக்கு அது ஒன்றும் காதில் ஏறவில்லை. என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் இடத்தைக் காட்டினார். கோயில் மதிலோடு ஒரு பெரிய லிண்டன் மரம். அதன் அடியில் புல் இல்லாமல் ஒரு பாய் அகலத்துக்கு மண். மேலே ஒரு தட்டையான கல், ஒரு சாடி மஞ்சள் பூ. யாரோ நேர்த்தி வைத்த இடமாக இருக்கும் என்று மரியாதையாக இரண்டையும் நகர்த்தி, மண் எடுத்து, திரும்ப வைத்து, பக்கத்தில் ஒரு மெழுகுதிரியும் கொளுத்தியிருக்கிறார்.

“பஞ்சு மாதிரி மண். மாதா எனக்கெண்டே கிண்டி வைச்சிருக்கிறா,” என்றார்.

அடுத்த நாள் காலை, தோழியின் தாய் போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, மூன்றாவது கடிதம் வந்தால் போகிறேன் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நாலு மாதமாக நான் தலைகீழாக நின்றும் வராத வார்த்தை. நான் தேத்தண்ணிக்கு இரண்டாம் தரமும் சீனி போட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் பூசை முடியும் வரை நீடித்தது. ஊர்ச் சுவாமியார் எழுபதைத் தாண்டியவர், பெரிய உருவம், கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தார். ஆசீர்வாதத்துக்கு முன் அறிவித்தல்கள் வாசித்தார். நடுவில் தாளை மடித்து வைத்துவிட்டு வேறு குரலில் கதைக்கத் தொடங்கினார். சனம் தலை குனிந்தது. என் தோழி என் காதுக்குள் நோர்வேஜியத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். சுவாமியாரின் நாய் வியாழக்கிழமை செத்துப்போய்விட்டதாம். பதினாலு வருடம் அவரோடு இருந்த நாயாம். வெள்ளிக்கிழமை அதை லிண்டன் மரத்தடியில் புதைத்தாராம்.

நான் இவருடைய சேட்டுப் பையைப் பார்த்தேன்.

யாரோ ஒரு நல்ல உள்ளம் அங்கே மெழுகுதிரி ஏற்றியிருக்கிறது, அவருக்கு மிகவும் நன்றி என்றாராம். ஆனால் நேற்றுப் பின்னேரம் நரி ஒன்று வந்து கல்லை அசைத்து மண்ணைத் தோண்டிவிட்டது, நல்லவேளை ஆழமாகத் தோண்டவில்லை, ஊரில் எல்லோரும் கோழிகளைக் கவனமாக அடையுங்கள் என்றாராம். கடைசி வசனத்தில் சுவாமியாரின் குரல் உடைந்தது. என் கணவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் சனம் கண் துடைப்பதைப் பார்த்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேட்டுப் பைக்குள் இருந்த பெட்டியில் கையை வைத்து, எல்லோருக்கும் கேட்க ஆமென் சொன்னார். பிறகு என் பக்கம் சாய்ந்து, சுவாமி என்ன சொன்னவர் என்று கேட்டார்.

“கோழியளை வடிவா அடைக்கட்டாம்.”

நல்ல சுவாமி, சனத்தின் கோழியைப் பற்றியும் யோசிக்கிறார் என்று தலையாட்டினார்.

கோயிலுக்குப் பின்னால் வைத்துத் தோழிக்கு நரி யார் என்று சொன்னேன். அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். அவ்வழியே போன இரண்டு கிழவிகள் அவளுக்கு வலிப்பு என்று நினைத்துச் சிலுவை போட்டார்கள். கண்ணைத் துடைத்தபிறகு, இதை அவரிடம் சொல்லப்போகிறாயா என்று கேட்டாள். சொன்னால் மூன்றாவது கடிதமும் தடிமனோடு முடியும். சொல்லாவிட்டால் மாதாவின் பெயரில் நாய்ப் புதைகுழியை வைத்து ஒரு மனிதனை ஏமாற்றுகிறவள் நான். யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. ஏமாற்றுகிறவளாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவெடுத்தேன். தோழி லீவு முடியும்வரை ஊரில் நின்றாள், நாங்கள் இருவரும் திரும்பினோம்.

வெளிநாட்டு மண்ணைச் சும்மா கொண்டுவரக் கூடாது என்று ஒரு சட்டம் இருப்பது ஒஸ்லோ விமான நிலையத்தில் சுங்கத்துக்கு முன்னால் வந்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இவரோ பெட்டி விழுந்துவிடும் என்று சேட்டுப் பையை இறுக்கிப் பிடித்தபடி மெதுவாக நடந்தார். சுங்கத்துப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். நான் இவருக்கு முன்னால் போய் நின்றேன். அவள் கேட்டது, நெஞ்சு வலிக்கிறதா என்று. இதய நோயாளி என்று நான் உள்ளதைச் சொன்னேன். உடனே சக்கர நாற்காலி வந்தது. இப்படியாக அந்த மண் அரச மரியாதையோடு நோர்வேக்குள் தள்ளிக்கொண்டு வரப்பட்டது.

அதன்பிறகு ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் எங்கள் வீட்டில் ஒவ்வொரு காலையும் ஒரு சடங்கு. அன்றைய நாளின் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுப்பார், நெற்றியிலும் நெஞ்சிலும் தொடுவார், மூடுவார். மாத்திரைக்கு நான் வேறு பெட்டி வாங்கினேன். எனக்கும் பூசிவிட வருவார், தூசு எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று தப்பிவிடுவேன். எதிர்வீட்டு அக்கா முழங்கால் வலிக்கு ஒரு சிட்டிகை கேட்டு வந்தபோது, அது என்ன மண் என்று என்னால் சொல்லவும் முடியவில்லை, இவரே எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் அந்த அக்கா லிஃப்டை விட்டுப் படியால் இறங்கி, குறொன்லாண்டில் இருக்கிற தமிழ்க்கடைக்குத் தனியே போய் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வந்தா. அதோடு எங்கள் தொலைபேசி ஓயவில்லை. மண் முடிகிறது, ஒப்பரேஷனுக்குப் போதாமல் போய்விடும் என்று எல்லோருக்கும் கையை விரித்தேன். பொய் சொல்லத் தொடங்கினால் அதற்கும் ஒரு வேலைத்திறமை வந்துவிடுகிறது.

மூன்றாவது கடிதம் புரட்டாதியில் வந்தது. புதன்கிழமை ஒப்பரேஷன், செவ்வாயே வந்து படுக்கவேண்டும். இவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார், மடித்தார், சவரம் செய்யப் போனார். வழக்கமாக எடுக்கும் மருந்துகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இளம் தாதி அவற்றைக் கேட்டபோது, நான் பையைத் திறப்பதற்குள் இவர் தன்னுடைய பெட்டியைப் பெருமையோடு நீட்டிவிட்டார். அவள் திங்கள் மூடியைத் திறந்தாள், மணந்து பார்த்தாள், செவ்வாயைத் திறந்தாள். இது என்ன என்று கேட்டாள். மண் என்றார் இவர். இதை அவர் சாப்பிடுகிறாரா என்று என்னிடம் மிகவும் மரியாதையாக விசாரித்தாள். இல்லை, வெளியே பூசுவதற்கு மட்டும் என்றேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதை அப்படியே பதிந்துகொண்டாள்.

புதன் காலை கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். பெட்டி உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சண்டை வரும் என்று நான் தயாராக நின்றேன். வரவில்லை. பெட்டியை என் கைக்குள் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடித்தார்.

“அண்ணன் கையைக் காட்டிப்போட்டுத்தான் உள்ளை போனவர். நான் கை காட்டமாட்டன். நீர் இதைப் பிடிச்சுக்கொண்டிரும்,” என்றார்.

கதவு மூடிக்கொண்டது. அவர் கை காட்டவில்லை. நானும் காட்டவில்லை.

ஐந்து மணித்தியாலம் எடுக்கும் என்றார்கள். செபமாலை சொல்லப் பார்த்தேன், இரண்டாம் பத்திலேயே எண்ணிக்கை பிழைத்தது. திரும்பத் தொடங்கினேன், திரும்பப் பிழைத்தது. உண்மையில் மாதாவிடம் வாய்திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு மாதமாக அவளுடைய பெயரைச் சொல்லி என் புருஷனை ஏமாற்றிவிட்டு, எந்த முகத்தோடு இப்போது உதவி கேட்பது. அவருக்கு ஏதாவது நடந்தால் அவரை இங்கே அனுப்பியது டாக்டர் இல்லை, நான்தான் என்ற நினைப்பும் வந்தது. எதிரே ஒரு நோர்வேஜியர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அழவும் வசதி இல்லை.

அப்போது தோழியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நாங்கள் திரும்பியபிறகு சுவாமியாரிடம் நரியைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டாளாம், மன்னித்துக்கொள் என்றாள். இன்று ஒப்பரேஷன் என்று அவருக்குக் காலையில் அறிவித்தாளாம். அவர் பூசையில் நினைத்துக்கொள்கிறேன் என்றாராம், கூடவே ஒன்று சொன்னாராம். அதை அவள் நோர்வேஜியத்தில் எழுதியிருந்தாள்: அந்த மண்ணை அவர் வைத்துக்கொள்ளட்டும். என் நாய் ஒருவரையும் கடித்ததில்லை. ஆனால் நான் சொல்லாமல் ஒருவரையும் வாசலைத் தாண்டி உள்ளே விட்டதும் இல்லை.

அதை மூன்று தரம் வாசித்தேன். பிறகு மாத்திரைப் பெட்டியில் புதன்கிழமை மூடியைத் திறந்தேன். இருந்த மண் முழுவதையும் உள்ளங்கையில் கொட்டி, நெற்றியில் பூசினேன், நெஞ்சில் பூசினேன். மாதாவிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த மொழியில், வாய்விட்டே, நாயிடம் கேட்டேன்.

“கதவடியிலை படுத்திரு, ராசா. இண்டைக்கு ஆர் வந்தாலும் உள்ளை விடாதை.”

பேப்பர் வாசித்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அழுதேன், வசதியைப் பார்க்கவில்லை.

டாக்டர் வந்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. நல்லபடி முடிந்தது என்று கையை நீட்டினார். என் கை முழுக்க மண். அவர் அதையும் என் நெற்றியையும் பார்த்தார், கையைக் குலுக்கினார், போகிற வழியில் சுவரில் இருந்த கிருமிநாசினியை இரண்டு தரம் அழுத்தினார்.

அடுத்த நாள் இவர் கண்விழித்து, கொஞ்சம் கதைக்கத் தொடங்கியதும், முதலில் கேட்டது பெட்டியை. கொடுத்தேன். ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார். எத்தனை சிட்டிகை எடுத்தாலும் எல்லா அறையிலும் கொஞ்சமாவது இருந்தது, புதனில் மட்டும் ஒரு பொட்டும் இல்லை. கொட்டிப் போட்டீரோ என்று கேட்டார்.

நான் பூசினேன் என்றேன்.

வயர்களுக்கும் குழாய்களுக்கும் நடுவிலிருந்து என்னைப் பார்த்தார்.

“நீரோ?”

“ஓம்.”

பெட்டியை என் பக்கம் தள்ளினார், வியாழக்கிழமை மூடி திறந்தபடி இருந்தது. அன்று வியாழக்கிழமை. நான் ஒரு சிட்டிகை எடுத்து அவருக்குப் பூசிவிட்டு, எனக்கும் பூசிக்கொண்டேன்.